உதைபட்ட கதவும் அக்காவின் தாளமும்

தொண்ணூறுகளின் பின்பாதியில் கொழும்பில் நான் ஒரு பிரபலமான பாடகியாக இருந்தேன். நீங்கள் சரியாகத்தான் வாசித்தீர்கள், பாடகிதான். வெள்ளவத்தை மண்டபங்களில் தாலி கட்டு முடிந்து, பந்தி முடிந்து, மாப்பிள்ளையின் கூட்டாளிமார் கோட்டைக் கழற்றிக் கதிரையில் எறிந்துவிட்டு ஆட வரும் நேரத்தில் ஒரு தாளம் அதிரும். நெஞ்செலும்பில் யாரோ உதைக்கிற மாதிரி இருக்கும். அந்த உதைகளுக்கு நடுவில் ஒரு பெண்குரல் உச்சத்துக்கு ஏறி "ஐயோஓஓ" என்று வளைந்து இறங்கும். "ஆர் அந்தப் பிள்ளை? என்ன சாரீரம்!" என்று முன்வரிசையில் கேட்பார்கள். அந்தப் பிள்ளையாகிய நான், மீசையோடும் நனைந்த அக்குளோடும், மேடையில் கீபோட்டுக்குப் பின்னால் நின்றுகொண்டிருப்பேன்.

அந்தக் குரலை என்னிடமிருந்து உதைத்து எடுத்தவர்கள் காக்கிச் சட்டைக்காரர்கள். அதை வெட்டி, நீட்டி, சுருதி ஏற்றிப் பெண்ணாக்கியவர் கொட்டாஞ்சேனை அக்கா.

அக்கா பகலில் துறைமுகத்துக்குப் பக்கத்தில் சரக்கு விடுவிக்கிற ஒரு கிளியரிங் கந்தோரில் டைப் அடிப்பவர். வீடு கொட்டாஞ்சேனையில், ஒரு பேக்கரிக்கு மேல்மாடி. தாயும் அவரும் மட்டும். கப்பலில் வேலை செய்த தம்பி ஒரு தரம் வந்தபோது ஒரு சாம்பிளர் கொண்டுவந்து கொடுத்துவிட்டுப் போனான். எந்தச் சத்தத்தையும் விழுங்கி வைத்துக்கொண்டு, விரல் வைத்த நேரம் திருப்பித் துப்புகிற பெட்டி அது. தம்பி அதை விற்கச் சொல்லித்தான் கொடுத்தான். அக்கா விற்கவில்லை. மைக்கையும் ஒரு சின்ன ரெக்கோடரையும் துணிப்பைக்குள் ஒளித்துக்கொண்டு ஊர் சுற்றினார். இறைச்சிக் கடையில் எலும்பு வெட்டுகிற கத்தி, தெமட்டகொடையில் ரயில் பெட்டிகள் ஒன்றோடொன்று மோதுகிற இடி, மட்டக்குளியில் ஐஸ் கட்டியை உடைக்கிற சம்மட்டி. எல்லாம் பெட்டிக்குள் போயின. திரும்பி வரும்போது ஆடாத கால் ஆடும்.

எங்கள் கோஷ்டியின் தாளம், பேஸ், வயலின் கூட்டம் எல்லாமே அக்கா செய்து பிளொப்பியில் போட்டுத் தருவதுதான். மேடையில் நான் அந்தப் பெட்டிக்குள் பிளொப்பியைச் செருகுவேன், பொத்தானை அழுத்துவேன், பிறகு பத்து விரலாலும் கீபோட்டைத் தடவுவேன். கீபோட்டுக்கு வயர் கொடுத்திருக்கிறதா என்று ஒருவரும் எட்டிப் பார்த்ததில்லை.

கோஷ்டியின் தலைவரை மாஸ்டர் என்போம். வெள்ளைச் சப்பாத்து, வெள்ளைக் காற்சட்டை, கழுத்தில் ஒரு பட்டுத் துண்டு. சனத்துக்கு முதுகைக் காட்டி நின்று எனக்குக் கை அசைப்பார். நானும் அவருடைய கையைப் பார்த்து வாசிக்கிற மாதிரித் தலையாட்டுவேன். கடைசியில் மைக்கைப் பிடித்து "இசை" என்று தொடங்கித் தன் பெயரைச் சொல்லுவார். சொல்லும்போது குரல் தழுதழுக்கும். தானே செய்ததாக அவர் உண்மையிலேயே நம்பினார் என்றுதான் நினைக்கிறேன்.

சரி, கதவுக்கு வருகிறேன்.

நகரத்தில் எங்கோ ஒரு குண்டு வெடித்திருந்தது. இந்த வரியை அந்தக் காலத்து எந்தக் கதைக்கும் முதல் வரியாகப் போடலாம். அதற்குப் பிறகு வந்த ஞாயிற்றுக்கிழமைக் காலையில் நான் அக்கா வீட்டில் இருந்தேன். ஒரு கனத்த அடிச் சத்தம் வேண்டும் என்று, பலகைத் தரையில் மைக்கை வைத்துவிட்டு என்னை மிதிக்கச் சொல்லியிருந்தார். நான் மிதித்தேன். ஹெட்போனைக் காதில் மாட்டியிருந்த அக்கா முகத்தைச் சுளித்தார்.

"என்னடா இது, பூனை நடக்கிற மாதிரி? பலமா மிதி."

"பலமாத்தான் அக்கா மிதிக்கிறன்."

"உனக்குக் கோவம் இல்லடா. கோவம் இல்லாத காலுக்குச் சத்தம் வராது. இந்தா, நீ கேளு, எவ்வளவு கேவலமா இருக்கெண்டு." ஹெட்போனைக் கழற்றி என் தலையில் மாட்டினார்.

அப்போதுதான் கோபம் உள்ள கால் வந்தது. கீழே பேக்கரிக்காரர் ஏதோ சிங்களத்தில் கெஞ்சுவது கேட்டது. படிகளில் சப்பாத்துகள் ஏறின. கதவு தட்டப்படவில்லை, ஒரேயடியாக உதைக்கப்பட்டது. முதல் உதையில் தாழ்ப்பாள் பறந்தது. இரண்டாவது உதையில் மேல் பிணைச்சல் கழன்றது. மைக் தரையிலேயே கிடந்தது. ரெக்கோட் பண்ணுகிற சிவப்பு லைட் எரிந்துகொண்டிருந்தது. இரண்டு உதையும் ஹெட்போன் வழியாக என் மண்டைக்குள் நேராக இறங்கின. கதவை உதைப்பதைக் கதவின் இடத்தில் இருந்து கேட்டவன் உலகத்தில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

என் வீரத்தைச் சொல்கிறேன். நான் இரண்டு கையையும் உயர்த்தினேன். ஒரு கையில் ஹெட்போன் வயர் சுற்றியிருந்ததால் ரெக்கோடரும் மேசையிலிருந்து இழுபட்டு என்னோடு சேர்ந்து சரணடைந்தது. "தமிழ்! ஐசி இருக்கு! பொலிசிலை பதிஞ்சிருக்கு! சேர்! மாத்தையா! ஐயா!" என்று மூன்று மொழியிலும் கும்பிட்டேன். ஒருவன் துவக்கைத் திருப்பினான்; அதன் பிடி என் தோள்மூட்டில் இறங்கியது. அப்போது வந்ததுதான் அந்த "ஐயோஓஓ". பயிற்சி இல்லை, ஒத்திகை இல்லை. ஒரே எடுப்பு.

அக்காவை ஒருவன் சுவரோடு தள்ளினான். நெற்றி மாதா படத்தின் சட்டத்தில் மோதி வெடித்தது. தாயார் உள்ளறையில் செபமாலையைச் சத்தமாகச் சொல்லத் தொடங்கினார். அவர்கள் அலுமாரியைக் கவிழ்த்தார்கள், அரிசி வாளிக்குள் கை விட்டார்கள், பெட்டிகளைக் குத்திப் பார்த்தார்கள், எங்கள் ஐசி அடையாள அட்டைகளை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்கள், பிறகு பக்கத்து வீட்டுக்குப் போனார்கள். அங்கிருந்தும் ஒரு கதவுச் சத்தம் வந்தது. ஆனால் அது தகரக் கதவு. அவ்வளவு ஆழம் இல்லை.

நான் தரையில் உட்கார்ந்து என் பற்களை நாக்கால் எண்ணிக்கொண்டிருந்தேன். அக்கா நெற்றியில் ஒரு துணியை அழுத்திக்கொண்டு குனிந்து ரெக்கோடரை எடுத்தார். பின்னுக்கு ஓட்டினார். கேட்டார். இரத்தம் புருவத்தைத் தாண்டிக் கண்ணுக்குள் போனது. அவர் துடைக்கவில்லை.

"டேய்," என்றார். "நல்லா விழுந்திருக்கு."

"அக்கா, இது நாங்கள் அடி வாங்கின சத்தம்."

"ஓம். அதுக்கு? அவனுகளுக்குச் சும்மா விட்டுக்குடுக்கிறதா?"

அந்தக் கிழமை முழுக்க, ஒவ்வொரு நாளும் கந்தோர் விட்டு வந்த பிறகு, அக்கா அந்தக் கதவோடு இருந்தார். முதல் உதை தாளத்தின் முதல் அடி ஆனது. தாழ்ப்பாள் பறந்து தரையில் உருண்ட சத்தம் சலங்கை மாதிரி இடையில் நுழைந்தது. என் அலறலை எட்டுச் சுரம் மேலே தூக்கி நீட்டினார். தாயின் செபமாலை முணுமுணுப்பை இழுத்து இழுத்து, வயலின் கூட்டம் என்று யாரும் சத்தியம் செய்யும் அளவுக்கு ஆக்கினார். எனக்குப் போட்டுக் காட்டியபோது முதல் உதைக்கு நான் மேசைக்குக் கீழே போய்விட்டேன். இரண்டாவது உதைக்கு, வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், மேசைக்குக் கீழே என் கால் ஆடத் தொடங்கிவிட்டது.

அடுத்த கலியாணத்தில் மண்டபம் பிய்ந்தது. காலையில் சோதனைச் சாவடியில் வரிசையில் நின்றவர்கள் பின்னேரம் அந்த உதைக்குக் குதித்தார்கள். எந்தக் கதவு என்று தெரியாமல், ஆனால் கால்களுக்கு ஏதோ தெரிந்த மாதிரி, உதைக்குப் பதில் உதையாகத் தரையை மிதித்தார்கள். ஒருவர் வந்து மாஸ்டரிடம் "அது என்ன மேளம் மாஸ்டர்?" என்று கேட்டார். மாஸ்டர் கண்ணை மூடிக்கொண்டு, "ஆபிரிக்காவிலை ஒரு தோற்கருவி இருக்கு. கனகாலம் ஆராய்ச்சி செய்து எடுத்தனான்" என்றார்.

மண்டபத்தின் கடைசி வரிசையில், சனத்தோடு சனமாக வந்து உட்கார்ந்திருந்த அக்கா அதைக் கேட்டார். நெற்றியில் பிளாஸ்டர் ஒட்டியிருந்தது.

அதற்குப் பிறகு மாஸ்டர் ஒரு கசெட் போட முடிவு செய்தார். அட்டைக்குப் படமும் எடுத்துவிட்டார். வெள்ளைச் சப்பாத்தோடு காலிமுகத் திடலில் கடலைப் பார்த்து நிற்கிறார். கடலே அவர் இசையமைத்ததுதான் என்று நினைக்கத் தோன்றும். பிளொப்பிகளை வாங்கிப்போக என்னையும் கூட்டிக்கொண்டு கொட்டாஞ்சேனைக்கு வந்தார். அக்கா தேத்தண்ணி கொடுத்தார். பிளொப்பிகளைக் கொடுக்கவில்லை.

"அட்டையில 'இசை' எண்டு போட்டு என்ட பேர் வரணும் மாஸ்டர்."

மாஸ்டர் சிரித்தார். "தங்கச்சி, கோவிக்காதையும். பொம்பிளை ஒராள் மெசினிலை மியூசிக் செய்யிறா எண்டா ஆர் நம்புவினம்? பாட்டுப் படிச்சீர் எண்டா பேர் போடலாம். படமும் போடலாம். மெசின் ஆம்பிளையளின்ரை விசயம்."

"அந்த மெசின்ல எந்தப் பொத்தான் என்ன செய்யுமெண்டு நீங்க சொல்லுங்க பார்ப்பம்."

"எனக்குப் பொத்தான் தெரியத் தேவையில்லை. எனக்கு ஞானம் இருக்கு."

"அப்ப ஞானத்தைக் கசெட்ல போடுங்க."

மாஸ்டர் எழும்பிப் பிளொப்பிப் பெட்டியில் கை வைத்தார். அக்கா அதன் மேல் கை வைத்தார். மாஸ்டர் அக்காவின் மணிக்கட்டைப் பிடித்து முறுக்கினார். அக்கா குனிந்து அவருடைய கையைக் கடித்தார். அடையாளத்துக்குக் கடிக்கிற கடி இல்லை, தசைக்குள் இறங்கிய கடி. மாஸ்டர் மற்றக் கையால் அக்காவின் கன்னத்தில் அறைந்தார். நான் இருவருக்கும் நடுவில் பாய்ந்து, "இன்னொரு தேத்தண்ணி குடிப்பமா?" என்று கேட்டேன். அந்த நேரத்தில் எனக்கு வந்த மிகப் பெரிய வீரம் அதுதான்.

கடைசியில் ஒரு பேச்சுக்கு வந்தார்கள். வருகிற சனிக்கிழமை வெள்ளவத்தையில் ஒரு பெரிய கலியாணம். அக்கா தானே சாம்பிளரைக் கொண்டுவருவார். அந்தத் தாளம் முடிந்ததும் மாஸ்டர் மைக்கில், முழு மண்டபமும் கேட்க, இதைச் செய்தவர் இவர் என்று பெயர் சொல்லவேண்டும். சொன்னால் கசெட்டுக்குப் பிளொப்பிகள். சொல்லாவிட்டால் இல்லை. மாஸ்டர் கடிபட்ட கையை ஊதிக்கொண்டே "சரி" என்றார். அந்த "சரி" எனக்கு நல்லதாகப் படவில்லை.

சனிக்கிழமை மதியம், மண்டபத்துக்குப் போகிற வழியில், எங்கள் வான் வண்டி காலி வீதிச் சோதனைச் சாவடியில் நிறுத்தப்பட்டது. "பஹின்ன!" என்று கதவைத் தட்டினார்கள். இறங்கினோம். வானுக்குள் ஒரு இரும்புப் பெட்டி, அதில் இலக்கம் காட்டுகிற கண்ணாடி, சுற்றிச் சுற்றி வயர். யாருக்குத்தான் சந்தேகம் வராது? எனக்கே வந்தது. எங்களைத் தார் வீதியில் குப்புறப் படுக்க வைத்தார்கள். மதிய வெயிலில் உருகிய தார் என் கன்னத்தில் ஒட்டியது. முதுகில் ஒரு சப்பாத்து ஏறி நின்றது. பக்கத்தில் படுத்திருந்த மாஸ்டரின் வெள்ளைக் காற்சட்டையைப் பார்த்து, சாகப் போகிற நேரத்திலும், இனி இது வெளுக்காது என்று நினைத்தேன். பஸ் ஒன்று வேகம் குறைந்து எங்களைத் தாண்டிப் போனது. யன்னல்களில் இருந்த முகங்கள் எல்லாம் ஒரே நேரத்தில் மற்றப் பக்கம் திரும்பின.

பொலிஸ் ஸ்ரேசனில் ஒரு அதிகாரி. மெலிந்தவர், குரல் உயர்த்தாதவர். அந்த வகைக்குத்தான் நான் அதிகம் பயப்படுவேன். பெட்டியை மேசையில் வைத்துவிட்டு, "காகெத மேக்க?" என்று கேட்டார். யாருடையது இது?

மாஸ்டரிடம் இருந்து பதில் பீறிட்டு வந்தது. சிங்களத்தில், தமிழில், ஆங்கிலத்தில் எல்லாம் ஒன்றுதான். அக்காவைக் காட்டினார்: இது இவருடையது. சத்தம் பிடிப்பது, வெட்டுவது, ஒட்டுவது எல்லாம் இவர்தான். எனக்கு இதில் ஒன்றும் தெரியாது. ஒரு பொத்தான்கூடத் தெரியாது. நான் கையை மட்டும்தான் ஆட்டுவேன். ஆட்டியும் காட்டினார்.

அதிகாரி அக்காவைப் பார்த்தார். நான் அக்காவுக்குக் கண்ணால் சைகை காட்டினேன்: இல்லை என்று சொல்லுங்கள், தம்பியுடையது என்று சொல்லுங்கள், தம்பி கப்பலில் இருக்கிறான், கடலுக்குள் போய்ப் பிடிக்கட்டும்.

அக்கா மாஸ்டரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். "கேட்டியாடா தம்பி? இவர் சொன்னது கேட்டதா?" என்று என்னிடம் தமிழில் கேட்டார். பிறகு அதிகாரியிடம், "ஓவ். மகே தமாய்" என்றார். ஓம், என்னுடையதுதான்.

பெட்டியை இயக்கிக் காட்டச் சொன்னார்கள். அக்கா அதை எங்கள் ஸ்பீக்கரில் மாட்டி, பிளக்கைக் கொடுத்துப் பிளொப்பியைப் போட்டார். ஆனால் பொத்தானை அழுத்த என்னைத்தான் தெரிவு செய்தார்கள். அதிகாரி உட்பட எல்லோரும் சுவருக்குப் பின்னால் போய் நின்று எட்டிப் பார்த்தார்கள். மேடையில் வருடக்கணக்காக அழுத்திய பொத்தான் அது. அன்றைக்கு எனக்கு அது எங்கே இருக்கிறதென்று தெரியவில்லை. விரல் அதைத் தவிர எல்லா இடத்துக்கும் போனது. அக்கா பொறுமை இழந்து, "தள்ளு" என்று என்னை இடித்துவிட்டுத் தானே அழுத்தினார்.

கதவு உதைபட்டது. ஸ்ரேசன் யன்னல்கள் அதிர்ந்தன. வெளியே நின்ற இரண்டு கொன்ஸ்டபிள்மார் மணல் மூட்டைகளுக்குப் பின்னால் விழுந்தார்கள். ஒருவன் எழும்பி உள்ளே பாய்ந்து வந்து துவக்குப் பிடியால் பெட்டியின் முகத்தில் குத்தினான். பிளொப்பி போகிற வாய் நசுங்கியது. அதே மூச்சில் என் வயிற்றிலும் ஒன்று தந்தான். நான் மடிந்தேன். தாளம் நிற்கவில்லை. என் "ஐயோஓஓ" அழகாக வளைந்து ஏறியது.

அதிகாரி கையை உயர்த்தினார். கொன்ஸ்டபிள் நின்றான். இது என்ன சத்தம், என்ன துவக்கு என்று கேட்டார்.

"தொர," என்றார் அக்கா. கதவு. "கொட்டாஞ்சேனையில என்ட வீட்டுக் கதவு. நீங்க வந்து உதைச்சது."

இப்படி ஒரு பதிலுக்குப் பிறகு என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியும். நான் கண்ணை மூடிக்கொண்டேன். ஆனால் அதிகாரி அடுத்த கேள்வி கேட்டார். கத்துகிற பெண் யார்? அக்கா தரையில் மடிந்து கிடந்த என்னைக் காட்டினார். அவர் நம்பவில்லை. என்னைக் கத்திக் காட்டச் சொன்னார். எனக்கு வாயே திறக்கவில்லை. வாழ்க்கை முழுக்கக் கேட்காமலே கத்திய தொண்டை, ஒருவர் மரியாதையாகக் கேட்டபோது அடைத்துவிட்டது. கொன்ஸ்டபிள் உதவி செய்தான். கத்தினேன். இரண்டாவது எடுப்பு முதலாவதைவிடத் திறம். மைக் இல்லாமல் போய்விட்டதே என்று அக்கா பிறகு கனநாள் கவலைப்பட்டார்.

அதிகாரி பெட்டியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், சிரித்தார். சத்தமில்லாத சிரிப்பு. அதுதான் அன்றைக்கு எனக்கு அதிகம் பயம் தந்தது. தாளத்தைத் திரும்பவும் போடச் சொல்லி முழுவதும் கேட்டார். அந்த உதையை உதைத்தது யாராக இருக்கும் என்று கொன்ஸ்டபிள்மாரிடம் கேட்டார். ஒருவரும் கையை உயர்த்தவில்லை. "போங்கள்" என்றார். எழும்பி ஓடத் தயாராக இருந்த மாஸ்டரை மட்டும் நிறுத்தி, நிச்சயமாக நீ செய்யவில்லையா என்று ஒருமுறை கேட்டார். "சத்தியமாக இவர்தான் சேர்" என்றார் மாஸ்டர். அக்காவின் தலையைத் தொட்டுச் சத்தியம் செய்யப் போனார். அக்கா தலையை விலக்கிக்கொண்டார்.

திரும்பவும் வானில் ஏறினோம். மண்டபத்தின் பின்வாசலில் இறங்கும்போது அக்கா சொன்னார்: "அங்க சொன்னதை இங்கயும் சொல்லுங்க மாஸ்டர். புதுசா ஒண்டும் வேணாம்."

பெட்டியின் வாய் நசுங்கியிருந்தாலும் உள்ளே மாட்டிய பிளொப்பி வேலை செய்தது. மண்டபம் நிறைந்திருந்தது. நான் தார் ஒட்டிய கன்னத்தோடு கீபோட்டுக்குப் பின்னால் போய் நின்றேன். மாஸ்டர் யாரிடமோ ஒரு வேட்டி இரவல் வாங்கிக் கட்டியிருந்தார். கதவு உதைபட்டது, சனம் ஆடியது, ஆட்டம் உச்சத்தில் நின்றபோது மாஸ்டர் மைக்கை எடுத்தார். அக்கா மேடையின் பக்கத்தில், ஸ்பீக்கருக்குக் கீழே நின்றார்.

"இசை," என்று மாஸ்டர் தொடங்கினார். தழுதழுத்தார். தன் பெயரைச் சொன்னார்.

அக்கா குனிந்து சுவரில் இருந்த பிளக்கை இழுத்தார். மண்டபம் ஒரு நொடியில் ஊமையானது. நூறு பேர் காலைத் தூக்கியபடி நின்றார்கள். மாஸ்டருக்கு விளங்கியது. பாய்ந்து அக்காவின் பின்னலைப் பிடித்து இழுத்தார். அக்கா மைக் கம்பியை எடுத்து அவருடைய முழங்காலுக்குக் கீழே ஒன்று போட்டார். எலும்பில் பட்ட சத்தம் கடைசி வரிசை வரை போனது. மாப்பிள்ளையின் கூட்டாளிமார் "பாட்டைப் போடடா!" என்று மேடையில் ஏறினார்கள். ஏறியவனை ஒருவன் இழுத்தான், இழுத்தவனை இன்னொருவன் குத்தினான். ஒரு கதிரை பறந்தது. ஒரு சோடாப் போத்தல் என் காதைச் சீவிக்கொண்டு போய்ப் பின்திரையில் உடைந்தது. நான் மணமக்கள் இருக்கிற சோபாவுக்குப் பின்னால் போய்விட்டேன். அங்கே ஏற்கெனவே மாப்பிள்ளை இருந்தார்.

"அண்ணை, என்ன பிரச்சினை?" என்று கேட்டார்.

"பேர் சொல்லாத பிரச்சினை," என்றேன். "நீங்கள் தலையைக் கீழே வையுங்கோ."

மணப்பொம்பிளையின் தாய் பட்டுச் சேலைச் சரசரப்போடு மேடையில் ஏறினார். "என்ரை பிள்ளையின்ரை கலியாணம்! பாட்டுப் போடுறியளோ, பொலிசைக் கூப்பிடவோ?" பொலிஸ் என்ற சொல்லுக்கு மாஸ்டருக்கு உடம்பு தூக்கிப் போட்டது. "பிளக்கைப் போடு தம்பி," என்று அக்கா கத்தினார். நான் நாலு காலில் தவழ்ந்துபோய்ப் போட்டேன். மைக் உயிர் பெற்றது.

மாஸ்டர் மைக்கில் மூச்சு வாங்கினார். "சபையோர் மன்னிக்கவேணும். இந்தக் கோளாறுக்கு நான் பொறுப்பில்லை. மெசின் இந்தப் பிள்ளையின்ரை. மெசின் வேலையெல்லாம் இவதான் செய்யிறவ."

அக்கா அவருடைய கையிலிருந்து மைக்கைப் பிடுங்கினார். "கேட்டீங்களா? கோளாறு என்டது எண்டா, தாளமும் என்டதுதான். இவ்வளவு காலமும் நீங்க ஆடினது எல்லாம் நான் செஞ்சது." பிறகு தன் பெயரைச் சொன்னார். இரண்டு தரம் சொன்னார்.

மண்டபம் சிரித்தது. நடுவில் நின்ற ஒரு பருத்த மனிதர், கையில் இன்னும் ஒரு கதிரைக் காலோடு, "பொய்!" என்று கத்தினார். "பொம்பிளை மெசின் அடிக்கிறதோ? பொய்!"

கதவுத் தாளத்தைப் போட்டுக் காட்டலாம் என்று பொத்தானை அழுத்தினேன். பெட்டி கரகரத்தது. பிளக்கை இழுத்ததில் பெட்டிக்குள் இருந்ததெல்லாம் அழிந்திருந்தது; நசுங்கிய வாய்க்குள் பிளொப்பி திரும்ப ஓட மறுத்தது. "அக்கா, போச்சு!" என்று அலறினேன். அக்கா என்னைத் திரும்பியும் பார்க்கவில்லை. மைக்கைச் சாம்பிளரில் செருகிவிட்டு, வயர் எட்டும் தூரத்துக்கு மேடை விளிம்பில் வந்து, அந்த மனிதரின் வாய்க்கு நேரே நீட்டினார்.

"அண்ணன், இன்னொருக்காச் சொல்லுங்க."

அவர் மூச்சை இழுத்துச் சொன்னார். "பொய்!" உதட்டில் இருந்து எச்சில் பறந்தது.

அக்கா பெட்டிக்கு முன்னால் முழங்காலில் இருந்தார். மண்டபம் பார்த்துக்கொண்டு நின்றது. நான் ஒரு மூலையில் நின்று பார்த்தேன். இவ்வளவு காலமும் நான் தடவிய விரல்களுக்கும் அந்த விரல்களுக்கும் இருந்த வித்தியாசத்தைப் பார்த்தேன். முதலில் அந்த மனிதரின் குரல் அப்படியே வந்தது. பிறகு கிணற்றுக்குள் இருந்து வருகிற மாதிரி இறங்கி, அடிமேளம் ஆனது. பிறகு மெலிந்து கிலுகிலுப்பை ஆனது. அக்கா இடது கையால் அடிமேளத்தையும் வலது கையால் கிலுகிலுப்பையையும் கோத்தார். "பொய், பொய்பொய், பொய்" என்று மண்டபம் முழுக்க அந்த மனிதரே அவருடைய நெஞ்சில் குத்தினார். அவர் தன் வாயைக் கையால் மூடிப் பார்த்தார். சத்தம் நிற்கவில்லை. கதிரைக் காலைக் கீழே போட்டார். தோள் தானாகக் குலுங்கத் தொடங்கியது. முகத்தில் இரத்தம் வழிந்த பொடியன்மார் ஒருவருடைய சட்டையை ஒருவர் விட்டுவிட்டு ஆடினார்கள். பெண்கள் பகுதியில் இருந்து யாரோ விசில் அடித்தார்கள்.

அதற்குமேல் மாஸ்டரால் தாங்க முடியவில்லை. நொண்டிக்கொண்டு வந்து, நல்ல காலால் பெட்டியை ஓர் உதை விட்டார். அது மேடையிலிருந்து வயரோடு பறந்து சீமெந்துத் தரையில் முகங்குப்புற விழுந்தது. கண்ணாடி சிதறியது. சத்தம் நின்றது. பொம்பிளை வீட்டு மாமன்மார் மாஸ்டரைத் தூக்கிக்கொண்டு பின்வாசலால் போனார்கள். வெளியே அவருக்கு என்ன கொடுத்தார்கள் என்று நான் பார்க்கவில்லை, கேட்டேன். அவர் அதற்குப் பிறகு கோஷ்டி வைக்கவில்லை.

அக்கா தரையில் இருந்து பெட்டியின் துண்டுகளைப் பொறுக்கித் துணிப்பைக்குள் போட்டார். கையை வெட்டியது. நான் ஆட்டோ பிடித்தேன். கொட்டாஞ்சேனை வரும் வரை அக்கா பையை மடியில் வைத்திருந்தார். "அழுகிறீங்களா அக்கா?" என்று கேட்டேன். "போடா," என்றார். அழுதுகொண்டிருந்தார்.

ஒரு கிழமை கழித்து, பட்டப்பகலில், பேக்கரிக்கு மேலே ஒரு அம்மா மூச்சு வாங்கிக்கொண்டு ஏறி வந்தார். அன்றைய மண்டபத்தில் முன்வரிசையில் இருந்தவராம். மகளுக்குக் கலியாணம் வைத்திருக்கிறாராம்.

"உங்களைத்தான் பிடிக்கவேணும் எண்டு மகள் ஒற்றைக்காலிலை நிக்கிறாள்."

"என்கிட்ட மெசின் இல்ல அம்மா. உடைஞ்சு போச்சு."

"அது நானும் பாத்தனான். அது உங்கடை பிரச்சினை பிள்ளை. கலியாணம் ஆவணியிலை. அதுக்கிடையிலை எங்கையாவது ஒண்டைத் தேடி எடுங்கோ." கைப்பையைத் திறந்து பேனையை எடுத்தார். "கார்ட் அச்சடிக்கக் குடுக்கவேணும். இசை எண்டு போட்டு என்ன பேர் போடுறது?"

அக்கா கட்டுப் போட்ட கையைப் பின்னால் மறைத்துக்கொண்டு சொன்னார். தகப்பன் பெயர், ஞானஸ்நானப் பெயர், வீட்டுப் பெயர், எல்லாம் சேர்த்து.

அந்த அம்மா பேனையை நிறுத்தினார். "நீளமாக் கிடக்கே பிள்ளை. சுருக்கிப் போடவோ?"

"வேணாம்," என்றார் அக்கா. "முழுசாப் போடுங்க."